மியான்மர் நாட்டுக் குறிப்பு: ராணுவப் பகுதியில் எண்களும் சட்டப் பிரிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

கல்மரம் (கேள்வி)

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்காகத் தென்கிழக்காசிய நாடுகள் பற்றி ஒரு கையேடு தயாராகிறது. நாட்டுக்கு ஆறு பக்கம்; வரலாறு, அரசியல், ராணுவம் என்று மூன்று தலைப்பு. தாய்லாந்து, லாவோஸ் முடிந்துவிட்டன. மியான்மரில் வேலை நகரவில்லை. எந்தத் தலைப்பைத் தொட்டாலும் ராணுவமே வந்து நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கீழே உள்ளவற்றைத் தெளிவாக்கினால் உதவியாக இருக்கும்.

1. 2008 அரசியலமைப்பில் ராணுவத்துக்கு 25 சதவீத இடம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மீதி 75 சதவீதம் மக்கள் பிரதிநிதிகளிடம் இருக்கும்போது ஏன் அதைத் திருத்த முடியவில்லை?

2. 2021 பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்தது அரசியலமைப்புப்படிதான் என்கிறது ராணுவம். எந்தப் பிரிவின்படி? அந்த வாதம் நிற்குமா?

3. 2020 தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சியான என்.எல்.டி. வென்ற இடங்கள் ஓரிடத்தில் 396, ஓரிடத்தில் 920.

4. படைபலம் 4 லட்சமா, ஒன்றரை லட்சமா?

வரலாற்றை எங்கிருந்து தொடங்கினால் மற்ற இரண்டு தலைப்பும் புரியும் என்பதையும் சொல்லுங்கள்.

---

ஷரத்து

முதல் கேள்விக்கு விடை கூட்டல் கழித்தலிலேயே இருக்கிறது. கீழவையில் 440 இடம். தேர்தல் நடப்பது 330க்கு, தலைமைத் தளபதி நியமிப்பது 110. மேலவையில் 224, தேர்தல் 168க்கு, நியமனம் 56. இரண்டு அவையும் சேர்ந்தால் 664. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 498, சீருடைக்காரர்கள் 166.

திருத்தத்துக்கு 436ஆம் பிரிவு கேட்பது 75 சதவீதம் அல்ல, 75 சதவீதத்துக்கு மேல். 664ல் முக்கால் பங்கு மிகச் சரியாக 498. ஆக, தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தனை பேரும் கட்சி வேறுபாடில்லாமல், ஒருவர்கூட லீவு போடாமல் வந்து ஆதரித்தாலும் ஒரு ஓட்டு இடிக்கும். 499ஆவது ஓட்டு சீருடைக்காரர் ஒருவரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். அதையும் தாண்டினால், முக்கியமான பிரிவுகளுக்குப் பொது வாக்கெடுப்பு உண்டு. அங்கே வாக்களித்தவர்களில் பாதி போதாது, வாக்குரிமை உள்ள மொத்தப் பேரில் பாதிக்கு மேல் வேண்டும். 2020 மார்ச்சில் ராணுவ இடங்களை 15, 10, 5 சதவீதம் என்று படிப்படியாகக் குறைக்க என்.எல்.டி. கொண்டுவந்த திருத்தம் இந்த 75 சதவீதத்தில்தான் விழுந்தது.

ஆனால் 25 சதவீதம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டுமே. கையேட்டில் அதற்கு மூன்று வரி ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தைக் கீழே உள்ளவற்றுக்குக் கொடுங்கள்.

பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சர்களையும் தளபதிதான் பெயர் சொல்லி அனுப்புவார். உள்துறை அவர் கையில் என்றால் போலீஸும் அவர் கையில். 2018 டிசம்பர் வரை, கிராம வார்டு நிலை வரை கிளை பரப்பிய பொது நிர்வாகத் துறையும் அந்த அமைச்சகத்தின் கீழ்தான் இருந்தது. பிறப்புப் பதிவு, நில வரி, இரவு தங்கும் விருந்தாளிப் பதிவு எல்லாம் அதன் வேலை. என்.எல்.டி. அரசு அதைப் பிரித்து எடுத்தது. கவிழ்ப்புக்குப் பிறகு சில மாதங்களில் அது பழையபடி உள்துறைக்கே திரும்பிவிட்டது.

தேசிய பாதுகாப்பு மன்றத்தில் 11 பேர். ஜனாதிபதி, இரண்டு துணை ஜனாதிபதிகள், இரண்டு அவைத் தலைவர்கள், வெளியுறவு அமைச்சர், மேலே சொன்ன மூன்று அமைச்சர்கள், தளபதி, துணைத் தளபதி. துணை ஜனாதிபதிகளில் ஒருவர் எப்போதும் ராணுவத்தின் ஆள். ஏனென்றால் கீழவை, மேலவை, ராணுவ உறுப்பினர்கள் என மூன்று குழுக்களும் ஆளுக்கொருவரை நிறுத்தும். ஓட்டு அதிகம் வாங்குபவர் ஜனாதிபதி, தோற்கும் இருவரும் துணை ஜனாதிபதிகள். ஆக 11ல் 6 ராணுவம். அடுத்த தளபதி யார் என்று முன்மொழிந்து ஒப்புதல் தருவதும் இதே மன்றம்தான். இந்தக் கணக்கு தெரிந்துதான் என்.எல்.டி. அதைக் கூட்டாமலே ஐந்து வருடத்தை ஓட்டியது.

படைக்குள் நடப்பதைப் படையே நிர்வகித்து, படையே விசாரிக்கும் என்கிறது 20ஆம் பிரிவு. ராணுவ நீதியில் தளபதியின் முடிவே இறுதி என்கிறது 343. பணத்துக்கு 2011ல் வந்த சிறப்பு நிதிச் சட்டம். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் தளபதி செலவழிக்கலாம்.

59(எஃப்) பிரிவைப் பலரும் நீட்டி எழுதுவார்கள். கணவர், பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்கள் என்றால் ஜனாதிபதியாக முடியாது; ஆங் சான் சூகியை நிறுத்தியது அதுதான். 2016ல் அரசு ஆலோசகர் என்ற பதவியைச் சாதாரணப் பெரும்பான்மைச் சட்டத்திலேயே உருவாக்கி அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த வழியைக் காட்டியவராகச் சொல்லப்படும் வழக்கறிஞர் கோ நீ, 2017 ஜனவரி 29 அன்று யாங்கூன் விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவரை எழுதினால் போதும்.

---

வடகரை

ஷரத்து சொன்ன துணை ஜனாதிபதி விஷயத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ராணுவம் காட்டுவது 417, 418 பிரிவுகளை. 417ன்படி நெருக்கடி நிலையை அறிவிக்க வேண்டியவர் ஜனாதிபதி, பாதுகாப்பு மன்றத்தோடு கலந்து. அறிவித்தபின் 418ன்படி சட்டம் இயற்றுதல், நிர்வாகம், நீதி மூன்றும் தளபதிக்குப் போகும். முதல் அடியை ஜனாதிபதிதான் வைக்க முடியும். 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூட இருந்த நாள். அன்று விடியற்காலையில் ஜனாதிபதி வின் மியின்ட் பிடித்து வைக்கப்பட்டார். ஜனாதிபதி பதவி காலியானால் துணை ஜனாதிபதி பொறுப்பேற்கலாம் என்ற 73ஆம் பிரிவைக் காட்டி, ராணுவம் நிறுத்திய துணை ஜனாதிபதி மியின்ட் ஸ்வே தற்காலிக ஜனாதிபதி ஆனார். அவரே நெருக்கடி நிலையில் கையெழுத்திட்டார், அவரே அதிகாரத்தைத் தலைமைத் தளபதி மின் ஆங் லைங்குக்கு மாற்றினார்.

பதவி எப்படிக் காலியானது என்பதுதான் கேள்வி. ராஜினாமா இல்லை, மரணம் இல்லை, இயலாமையும் இல்லை. உடல்நிலையைக் காரணம் காட்டி விலகச் சொல்லி இரண்டு மூத்த அதிகாரிகள் வந்தார்கள், தான் மறுத்துவிட்டேன் என்று வின் மியின்ட் 2021 அக்டோபரில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்ததுதான்.

காரணமும் பொருந்தவில்லை. ஒரு கோடிக்கு மேல் பிழையான பெயர்கள் வாக்காளர் பட்டியலில் என்பது ராணுவத்தின் புகார். 417 பேசுவதோ கலகம், வன்முறை, பலவந்தம் மூலம் இறையாண்மையைப் பறிக்கும் முயற்சியை.

அடுத்தது கால அளவு. 417 தருவது ஓராண்டு. 425ஆம் பிரிவு, வழக்கமாக ஆறு ஆறு மாதமாக இரண்டு நீட்டிப்பு என்கிறது. அதோடு 2023 பிப்ரவரியில் கணக்கு முடிந்திருக்க வேண்டும். நடந்தது ஏழு நீட்டிப்பு, மொத்தம் நாலரை ஆண்டு, 2025 ஜூலை 31 வரை. அன்று, அதுவரை ராணுவம் ஆட்சி நடத்திய மாநில நிர்வாக மன்றம் கலைக்கப்பட்டு, அரசுப் பாதுகாப்பு அமைதி ஆணையம் வந்தது. தலைவர் அதே மின் ஆங் லைங். என்.எல்.டி. 2023 மார்ச்சிலேயே கலைக்கப்பட்டிருந்தது. பிறகு கட்டம் கட்டமாகத் தேர்தல். 2025 டிசம்பர் 28 அன்று முதல் கட்டம், 330 டவுன்ஷிப்களில் (நம் ஊர் வட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 102ல் மட்டும்.

396, 920 இரண்டும் சரி. 2020ல் ஒன்றிய நாடாளுமன்றத்தின் 498 தேர்தல் இடங்களில் 22ல் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தேர்தல் இல்லை. நடந்த 476ல் என்.எல்.டி. 396, ராணுவ ஆதரவு யு.எஸ்.டி.பி. 33. மாநில, பிராந்திய அவைகளின் 641 இடங்களையும் சேர்த்தால் 1,117ல் 920. கையேட்டில் 396ஐ 664ஆல் வகுத்து ஏறத்தாழ 60 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு வழிகாட்டி நூலில் அப்படியே அச்சாகியிருக்கிறது.

---

பீரங்கிவாசல்

படைபலத்துக்கு வருவோம். எண்ணைப் போடாதீங்கன்னு சொல்லல, எந்த எண், எந்த வருஷம்னு சேர்த்துப் போடுங்க.

நாலு லட்சம்ங்கறது பழைய கணக்கு. 1988க்கு அப்புறம் ராணுவம் பட்டாலியன் எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போச்சு, ஐநூறைத் தாண்டிருச்சு. வெளியில கணக்குப் போட்டவங்க ஒரு பட்டாலியனுக்குக் காகிதத்துல இருக்கிற பலத்தை அப்படியே பெருக்கினாங்க. ஆள் சேரலையே? பல பட்டாலியன்ல 200 பேர்கூடக் கிடையாது. ஆனா பட்டாலியனைக் கலைச்சா கமாண்டர் பதவி போகும், ஒதுக்கின நிலம் போகும், ரேஷன் போகும். அதனால கலைக்க மாட்டாங்க. 2023 மே மாசம் அமெரிக்க அமைதி நிறுவனத்துல வந்த ஆய்வு மொத்தம் ஒன்றரை லட்சம், அதுல சண்டைக்குப் போறவங்க சுமார் 70,000னு சொன்னது. கவிழ்ப்புக்கு அப்புறம் சாவு, ஓட்டம், கட்சி மாறல் எல்லாம் சேர்த்து குறைஞ்சது 21,000 பேர் போயிட்டாங்கன்னும் அதுலயே இருக்கு.

அமைப்பை இப்படிப் போடுங்க. நாடு முழுக்க 14 பிராந்தியக் கட்டளையகம். இது இடத்தோட கட்டிப்போட்ட படை. அதுக்கு மேல 10 இலகு காலாட்படை டிவிஷன், டிவிஷனுக்கு 10 பட்டாலியன். இது எங்க வேணா அனுப்பற அடிதடிப் படை. முதல்ல வந்தது 77, 1966ல. அப்புறம் 88, 99. 2017ல ரக்கைன் மாநிலத்துல ரோஹிங்கியா கிராமங்களுக்குள்ள போனது 33ம் 99ம். இந்த ரெண்டு அடுக்கைப் பிரிச்சுக் காட்டலைன்னா, பத்து இடத்துல சண்டை நடக்கும்போது ஏன் ஆள் பத்தலைன்னு படிக்கிறவங்களுக்குப் புரியாது. டிவிஷனை ஒரு மூலைக்கு அனுப்பினா இன்னொரு மூலை காலி.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் கட்டாய ராணுவ சேவை. சட்டம் 2010லயே எழுதினது, அமலுக்கு வந்தது 2024 பிப்ரவரி 10. ஆண் 18 முதல் 35, பெண் 18 முதல் 27, ரெண்டு வருஷம். டாக்டர், இன்ஜினியர் மாதிரி தொழில் தெரிஞ்சவங்களுக்கு ஆண் 45, பெண் 35 வரை, மூணு வருஷம். நெருக்கடி நிலைல அஞ்சு வருஷம் வரை இழுக்கலாம். அறிவிச்ச இலக்கு வருஷத்துக்கு 60,000, தொகுதிக்கு 5,000.

விமானப் பட்டியல்ல நேரத்தை வீணாக்காதீங்க. ரஷ்யாவோட சுகோய் 30 ஆறு வாங்கினாங்க, மிக் 29, யாக் 130, சீனாவோட கே 8 இருக்கு, ஜே.எஃப். 17ம் இருக்கு. எதிர்ப் பக்கம் விமானமே கிடையாது, அதனால வகை பெருசில்லை. முகாம் சுத்தி வளைக்கப்பட்டா உள்ள அரிசியும் குண்டும் போடறதுக்கு ஹெலிகாப்டர் எத்தனை பறக்குதுங்கறதுதான் கணக்கு. கடைசி ரெண்டு வருஷமா பாராமோட்டார்ல போய்க் குண்டு போடறாங்க. விலை கம்மி, எரிபொருள் கம்மி. கடற்படைக்கு ஒரு வரி: 2020ல இந்தியா கொடுத்த ஐ.என்.எஸ். சிந்துவீர்தான் அவங்களோட முதல் நீர்மூழ்கி.

---

கல்மரம்

அருமை. 498 கணக்கு மட்டுமே அரைப் பக்கத்தை மிச்சப்படுத்திவிட்டது. இன்னும் இரண்டு. வரலாற்றின் தொடக்கப் புள்ளி பாக்கி. ஆயுதக் குழுக்கள் இருபதுக்கு மேல் வருகின்றன. 2015 போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டவை, போடாதவை என்று இரண்டு பத்தியாகப் பிரித்தால் போதுமா?

---

இரவாடி

வரலாறு: பாகன் மன்னர்களிடமிருந்து தொடங்கினால் ஆறு பக்கமும் அங்கேயே தீர்ந்துவிடும். 1824, 1852, 1885 மூன்று ஆங்கிலேயப் போர்களுக்கு ஒரு பத்தி. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நம் ஊர்த் தொடர்பு அங்கேதான் வருகிறது. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. 1948க்குப் பின் நில தேசியமயம், 1960களில் கடைகளும் வங்கிகளும் தேசியமயம். லட்சக்கணக்கில் திரும்பி வந்தார்கள். மணிப்பூர் மொரேயில் தமிழர்கள் இருப்பதும் அதன் மிச்சம். இதற்கு மேல் கையேட்டில் இடம் கொடுக்க வேண்டாம்.

உண்மையான தொடக்கம் 1947 பிப்ரவரி 12, பாங்லாங் ஒப்பந்தம். விடுதலைத் தலைவர் ஆங் சானோடு கையெழுத்திட்டவர்கள் ஷான், கச்சின், சின் தலைவர்கள் மட்டும். கரென் தரப்பு கையெழுத்திடவில்லை. அதே ஆண்டு ஜூலை 19 அன்று ஆங் சான் கொல்லப்பட்டார். 1947 அரசியலமைப்பு ஷான், கரென்னி மாநிலங்களுக்குப் பத்து ஆண்டு கழித்துப் பிரிந்து போகும் உரிமை கொடுத்தது. விடுதலை 1948 ஜனவரி 4 என்றால், அந்த உரிமை உயிர் பெறும் ஆண்டு 1958. ராணுவம் முதன்முதலில் ஆட்சிக்கு வந்ததும் 1958ல்தான். ஆனால் அதைக் கவிழ்ப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கட்சி பிளந்து திணறிய பிரதமர் ஊ நூ, நெருக்குதலில் என்றாலும், நாடாளுமன்றம் வழியாகவே ராணுவத் தலைவர் நெ வின்னிடம் காபந்து அரசைக் கொடுத்தார். 1960ல் தேர்தல் நடத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். கவிழ்ப்பு 1962 மார்ச் 2. கூட்டாட்சி கேட்டு ஷான் தலைவர்கள் யாங்கூனில் பேச வந்திருந்த நேரம் அது.

ஏன் 1949லேயே படை பர்மியர் மயமானது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். கரென் கிளர்ச்சி வெடித்தபோது தரைப்படைத் தலைவராக இருந்த ஸ்மித் டன் ஒரு கரென். அவரை நீக்கிவிட்டுத்தான் நெ வின் வந்தார்.

1988க்கு முன்னால் 1987 செப்டம்பரை விடாதீர்கள். 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாது, மாற்றித் தரவும் மாட்டோம் என்றார்கள். பதிலுக்கு வந்தவை ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகள். கல்லூரிக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணம் போன மாணவர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். 1988 ஆகஸ்ட் 8 எழுச்சியை வெறும் ஜனநாயகக் கோரிக்கை என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

---

வடகரை

இரண்டு பத்தி போதாது, தவறாகவும் போகும். 2015 அக்டோபர் 15 அன்று கையெழுத்திட்டவை எட்டு, 2018ல் இரண்டு சேர்ந்து பத்து. அந்தப் பத்தில் முக்கியமானது கரென் தேசிய ஒன்றியம். 2021க்குப் பிறகு ராணுவத்தோடு கடுமையாகச் சண்டையிடுவதும் அதுவே. மறுபக்கம் கையெழுத்தே போடாத வா படை, 1989ல் பர்மா கம்யூனிஸ்ட் கட்சி உடைந்து பிறந்த நாளிலிருந்து ராணுவத்தோடு பெரிய சண்டை போட்டதில்லை. அங்கே புழங்குவது சீன யுவான். கையெழுத்தை வைத்துப் பிரித்தால் இரண்டும் தலைகீழாக விழும்.

ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இப்போது ராணுவத்தோடு சண்டையிடுகிறதா? எல்லை எந்த நாட்டோடு? தேசிய ஒற்றுமை அரசின் (கவிழ்ப்பை எதிர்த்து அமைந்த மாற்று அரசு) மக்கள் பாதுகாப்புப் படைகளுக்குப் பயிற்சியோ ஆயுதமோ தருகிறதா? 1961ல் தொடங்கிய கச்சின் படை மூன்றுக்கும் தெளிவாக விடை தரும். 2009ல் அரக்கான் படை உருவானதும் கச்சின் தலைமையிடமான லைசாவில்தான்.

2023 அக்டோபர் 27 தாக்குதலைத் தனியாக எழுதுங்கள். கோகாங், தாங், அரக்கான் மூன்று படைகளும் சேர்ந்து தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஷான் மாநில நகரமான லாஷியோ விழுந்தது. ஒரு பிராந்தியக் கட்டளையகத் தலைமையிடம் எதிரி கைக்குப் போனது அதுவே முதல் முறை. டிசம்பரில் ஆன் நகரின் மேற்குக் கட்டளையகம். ஆனால் லாஷியோ 2025 ஏப்ரலில் சீனாவின் மத்தியஸ்தத்தில் ராணுவத்திடமே திரும்பிவிட்டது. பழைய கட்டுரையைப் பார்த்து எழுதினால் இங்கேதான் வழுக்கும். ரக்கைனில் 17 டவுன்ஷிப்களில் 14 அரக்கான் படையிடம். சித்வே, சௌக்பியூ, மனாங் ராணுவத்திடம் என்பது 2025 நிலவரம். சித்வேயிலிருந்து பாலெட்வா வழியாக மிசோரம் போகும் இந்தியாவின் கலாடன் போக்குவரத்துத் திட்டம் இரண்டு தரப்பின் கையிலும் பாதிப் பாதியாகச் சிக்கியிருப்பது இதனால்தான். தேர்வில் கேட்க வாய்ப்புள்ள இடம்.

---

ஷரத்து

கேட்காவிட்டாலும் ஒன்று: மக்கள் தொகை. 2014 கணக்கெடுப்பின் 5.15 கோடியில் எண்ணப்பட்டது 5.03 கோடி, தங்களை ரோஹிங்கியா என்று பதிய விரும்பியவர்களை எண்ண மறுத்ததால் ரக்கைனிலும், சண்டையால் கச்சின், கயின் (கரென்) பகுதிகளிலும் விட்டுப்போன 12 லட்சம் மதிப்பீடு. 2024ன் 5.13 கோடியில் சுமார் 1.9 கோடி மதிப்பீடுதான். 330 டவுன்ஷிப்களில் முழுதாக எண்ண முடிந்தது 145ல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பத்தாண்டில் மக்கள் தொகை குறைந்தது’ என்று அட்டவணை போட்டுவிடாதீர்கள்.

வரைபடம் போடுவதானால் டவுன்ஷிப்புக்கு ஒரே நிறம் அடிக்க வேண்டாம். ஊர் ராணுவத்திடமும், ஊரைச் சுற்றிய சாலையும் கிராமங்களும் எதிர்ப்படையிடமும் இருப்பது சகாயிங் பிராந்தியத்தில் சாதாரணம். நகரங்களுக்குப் புள்ளி, சாலைகளுக்குக் கோடு, மூலையில் எந்த மாத நிலவரம் என்று தேதி.